கோயாவின் ‘மகனை விழுங்கும் சாட்டர்ன்’: வெறியா, பயமா?

ஏற்காட்டுப் பனி:
அடுத்த வாரம் ஏற்காட்டில் ஓவிய மாணவர் முகாம். ஸ்பெயின் ஓவியர் கோயாவோட இந்தப் படத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசணும். ‘கொடூரம், இருட்டு, பைத்தியம்’ இந்த மூணைத் தாண்டி நகர மாட்டேங்குது. எங்கே தொடங்கலாம்? படத்தை ஃப்ளெக்ஸில் அடிச்சு மாட்டினால் போதுமா?

கரித்துண்டு:
கையில் தொடங்குங்க. விரல்கள் முதுகுச் சதைக்குள் புதைஞ்சிருக்கு, முட்டிகள் வெளுத்திருக்கு. தப்பிச்சு ஓடுற ஒருத்தனைப் பிடிக்கிற பிடி அது. ஆனால் அந்த உடலுக்குத் தலையே இல்லை, எங்கே ஓடும்? அப்புறம் கண்: தின்கிறதைப் பார்க்காமல் வெளியே வெறிக்குது. சாட்டர்ன் ரோமப் புராணக் கடவுள்; பெத்த பிள்ளையே தன்னை வீழ்த்துவான்னு ஆரூடம் கேட்டு, அந்தப் பயத்தில் பிள்ளைகளைத் தின்னவன்.

பக்கத்திலேயே ஃபிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸின் சாட்டர்னையும் வைங்க. 1636 வாக்கில் வரைஞ்சது. ரெண்டும் இப்போ மாட்ரிட் பிராதோ அருங்காட்சியகத்தில்தான் இருக்கு. ரூபன்ஸில் அரிவாள், மேகம், கைக்குழந்தை எல்லாம் உண்டு, பார்த்ததும் கதை புரியும். கோயாவில் அரிவாளும் இல்லை, மேகமும் இல்லை, குழந்தை இருந்த இடத்தில் வளர்ந்த உடல்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
சேலத்துப் பசங்களுக்கு மயானக் கொள்ளை ஞாபகம் வரும், தடுக்காதீங்க. ஆனால் விரிஞ்ச கண்ணுன்னாலே உக்கிரம்னு நம்ம கண்ணு பழகிடுச்சு. இங்கே அந்தப் பழக்கம்தான் ஏமாத்தும், இது பயத்தில் விரிஞ்ச கண்ணாவும் இருக்கலாம்.

‘பைத்தியம்’ங்கிறதையும் விட்டுடுங்க. 1820-23 வாக்கில் தன் வீட்டுச் சுவரில் தீட்டின 14 படங்களில் இது ஒண்ணு. தலைப்பு கூட கோயா வெச்சதில்லை. 1874-இல் சுவரிலிருந்து கித்தானுக்கு மாத்த ஆரம்பிச்சப்போ சாயம் உதிர்ந்து, பல இடத்தில் மறுபூச்சு விழுந்திருக்கு. தூரிகைத் தடத்தை வெச்சு அவர் மனசுக்கு ஜாதகம் எழுதுறது ஆபத்து.

மேட்_பேப்பர்:
ஃப்ளெக்ஸ் வேண்டவே வேண்டாம். ட்யூப்லைட் பளபளக்கும், பழுப்பெல்லாம் ஒரே கறுப்பாகிடும். அசல் 143.5 × 81.4 செ.மீ. பாதி அளவில், 72 × 41, மேட் தாளில் எடுங்க. முதலில் சாட்டர்னோட கால்கள் இருக்கிற பகுதியை மட்டும் ஒரு ஏ4-இல் அடிச்சுப் பாருங்க. முழங்கால் விளிம்பு பின்னணியில் கரைஞ்சால் நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்குங்க. மொத்த வெளிச்சத்தையும் கூட்டினால் விரல் முட்டியும் முதுகும் ஒரே வெள்ளையாகிடும், கரித்துண்டு சொன்ன பிடியே தெரியாது. போனில் கறுப்பு-வெள்ளையாக்கி, கண்ணை இடுக்கிப் பார்க்கச் சொல்லுங்க: முதுகு, விரல் முட்டி, கண் வெள்ளை. இருட்டில் மிஞ்சுறது அவ்வளவுதான்.

ஏற்காட்டுப் பனி:
நன்றி. தமிழில் ‘சனி’ன்னு சொல்லலாமா?

கரித்துண்டு:
கிரகத்துக்குச் சரி, இவனுக்கு வேண்டாம். நம்ம சனி சூரியனோட பிள்ளை. இவன் பிள்ளைகளைத் தின்ன அப்பன்.