புடவைக்கடைக்கு எல்இடி போடலாமா? மின்கட்டணமும் குறைய வேண்டும், அரக்கு அரக்காகவும் தெரிய வேண்டும்

பட்டுக்கடை மருமகள், ஆரணி:

மாமனார் நாற்பது வருடமாக நடத்திய பட்டுப்புடவைக் கடையின் கணக்கு இப்போது என் கையில் இருக்கிறது. போன முறை வந்த மின்கட்டணத்தைப் பார்த்ததும் ஏணியைப் போட்டு நானே விளக்குகளை எண்ணினேன். பழைய 36 வாட் டியூப்லைட் 22, எல்லாம் கனமான பழைய சோக் வைத்தவை. கண்ணாடி அலமாரிகளுக்கு மேலே 50 வாட் ஹாலோஜன் ஸ்பாட் 14. பெயர்ப்பலகைக்கு 150 வாட் மெட்டல் ஹாலைடு இரண்டு. காலை ஒன்பதரைக்குப் போட்டால் இரவு எட்டரைக்குத்தான் அணைக்கிறோம். பெயர்ப்பலகை மட்டும் மாலையில் நான்கு மணி நேரம். வணிக இணைப்பு என்பதால் யூனிட் பத்து ரூபாயை ஒட்டி வருகிறது.

ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஃபால்ஸ் சீலிங் அடித்துச் சதுர பேனல் போட 62,000 ரூபாய் கேட்கிறார். “பில் பாதியாகிவிடும்” என்றார். எந்தக் கணக்கில் பாதி என்று கேட்டேன். சிரித்தார்.

மாமனாரின் கவலை வேறு. மூன்று வருடத்துக்கு முன் மலிவாகக் கிடைத்ததென்று நான்கு எல்இடி டியூப் வாங்கி முன்பக்கம் மாட்டினோம். அந்த வாரமே ஓர் அம்மா அரக்குப் புடவை ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு ஏதோ சந்தேகம் வந்து வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் விரித்தார். “உள்ளே காப்பிப்பொடி மாதிரி இருந்தது, இங்கே இப்படிச் சிவக்கிறதே, எதை நம்புவது?” என்று கேட்டுவிட்டு வாங்காமலே போய்விட்டார். மறுநாள் நான்கும் கிடங்குக்குப் போய்விட்டன. “கரண்டை மிச்சம் பிடித்து வியாபாரத்தை விடச் சொல்கிறாயா?” என்று இன்றுவரை கேட்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஒயர்மேன், செய்யாறு:

அக்கா, டியூப்லைட்டுக்காகக் கூரையைத் தொடவே வேண்டாம். இருக்கிற பட்டியிலேயே எல்இடி டியூப் மாட்டலாம். ஆனால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு நேர் லைன் கொடுக்க வேண்டும். பலர் சோக்கை அப்படியே விட்டுவிட்டு மாட்டுகிறார்கள். அதுவும் தன் பங்குக்குக் கரண்ட் தின்றுகொண்டிருக்கும். டியூப்பின் ஒரு முனையில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் வருகிறதா, முனைக்கு ஒன்றாக வருகிறதா என்று அட்டையைப் படித்துவிட்டு ஒயரை மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பட்டியில் “எல்இடி மட்டும்” என்று எழுதி ஒட்டிவிடுங்கள். நாளைக்கு வேறு ஆள் வந்து பழைய டியூப்பை மாட்டிவிடக் கூடாது.

இன்னொன்று. உங்களுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு என்றால் முதலில் மீட்டரிலிருந்து வரும் லைனைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியில் நியூட்ரல் திருகை இறுக்கச் சொல்லுங்கள். நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதைவிட மிக அதிகமாக ஏறிவிடும். எங்கள் ஊர் அரிசி மண்டி ஒன்றில் புதிதாகப் போட்ட பத்தொன்பது எல்இடி ஒரே இரவில் போயின. பழைய டியூப் என்றால் ஒன்றிரண்டோடு தப்பித்திருக்கும்.

ஓய்வு பெற்ற மின் தணிக்கையாளர், வேலூர்:

அம்மா, நீங்கள் எண்ணிக்கையையும் நேரத்தையும் கொடுத்துவிட்டதால் பாதி வேலை முடிந்தது. சோக்கையும் சேர்த்தால் ஒரு டியூப் ஏறக்குறைய 48 வாட் இழுக்கும். 22க்கு 1,056 வாட். ஹாலோஜன் 14ம் டிரான்ஸ்ஃபார்மரோடு சுமார் 760. எல்லாம் சேர்த்து 60 நாளில் விளக்குக்கு மட்டும் ஏறத்தாழ 1,280 யூனிட். டியூப்புக்குப் பதில் 20 வாட், ஹாலோஜனுக்கு 7 வாட், பெயர்ப்பலகைக்கு 50 வாட் எல்இடி என்று வைத்தால் சுமார் 380 யூனிட்டில் முடிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது: டியூப்பில் மிச்சமாவது 407 யூனிட், ஹாலோஜனில் 437. அதாவது 22 டியூப்பை மாற்றுவதைவிட 14 ஸ்பாட்டை மாற்றுவதில் மிச்சம் அதிகம். ஒப்பந்தக்காரர் கூரையில் கண் வைத்திருக்கிறார். உங்கள் பணம் அலமாரிக்கு மேலே எரிந்துகொண்டிருக்கிறது. கடையில் ஏசி ஓடினால் இன்னும் மிச்சம். ஹாலோஜன் கக்கும் சூட்டை வெளியேற்ற ஏசியும் உழைக்கிறது அல்லவா? அலமாரியில் மேல் மடிப்பு மட்டும் வெளுத்துப்போன புடவை ஒன்றாவது உங்களிடம் இருக்கும், தேடிப் பாருங்கள்.

நிற விஷயத்தில் உங்கள் மாமனார் பக்கம்தான் நான். எல்இடி எல்லாம் ஒன்றல்ல. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று ஓர் அளவு உண்டு. சாதாரண எல்இடிக்கு அது 80 இருக்கும், மலிவானது அதற்கும் கீழே. உங்களுக்கு 90க்கு மேல் வேண்டும். அதிலும் ஆழ்ந்த சிவப்புக்கு ஆர்9 என்று தனி எண் இருக்கிறது. பொதுவான சிஆர்ஐ கணக்கில் அது சேராது. அரக்கைக் காப்பிப்பொடி ஆக்கியது அந்தக் குறைதான். விற்பவரிடம் ஆர்9 எவ்வளவு என்று கேளுங்கள். தெரியாது என்றால் வேறு கடை பாருங்கள்.

வாங்கும் முன் என் கணக்கையும் சோதித்துவிடுங்கள். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். ஒரு வகை விளக்கை மட்டும் போட்டுச் சில நிமிடம் சிமிட்டலை எண்ணினால் அது எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். கழற்றும் பழைய டியூப்களை உடைத்துக் குப்பையில் போட வேண்டாம், உள்ளே பாதரசம் இருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின்படி இவற்றின் உற்பத்தியையே 2027க்குள் நிறுத்த 2023ல் நாடுகள் முடிவு செய்திருக்கின்றன.

பட்டுக்கடை மருமகள், ஆரணி:

ஐயா, கடை சாத்திய பிறகு மெயினில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹாலோஜனை மட்டும் போட்டேன். மீட்டரில் யூனிட்டுக்கு 1600 சிமிட்டல் என்று இருந்தது. மாமனார் கைக்கடிகாரத்தைப் பிடிக்க, நான் எண்ணினேன். மூன்று நிமிடத்தில் 61 சிமிட்டல். கணக்குப் போட்டால் 762 வாட் வருகிறது. நீங்கள் 760 என்று எழுதியதைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். வெளுத்த மடிப்பும் கிடைத்தது. ஒன்றல்ல, மூன்று. மூன்றும் வாடாமல்லி.

சிஆர்ஐ 90 போட்ட 7 வாட் ஸ்பாட் இரண்டு மட்டும் வாங்கினோம், 3000 கெல்வின் ஒன்று, 4000 கெல்வின் ஒன்று (எண் குறைந்தால் ஒளி மஞ்சளாக இருக்கும், கூடினால் வெள்ளையாக). அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள் மூன்றையும் கீழே விரித்து, பிறகு வாசலுக்கும் எடுத்துப் போய்ப் பார்த்தார் மாமனார். அலமாரிக்கு 3000, ஜரிகை அதில்தான் பேசுகிறதாம். வாடிக்கையாளர் உட்கார்ந்து பார்க்கும் மெத்தைக்கு மேலே 4000. ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்று ஒப்பந்தக்காரருக்குச் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு தொல்லை. 4000 ஸ்பாட் விட்டுவிட்டு மின்னுகிறது. விளக்கே கோளாறா?

ஒயர்மேன், செய்யாறு:

விளக்கில் கோளாறு இருக்காது அக்கா. பழைய ஹாலோஜன் டிரான்ஸ்ஃபார்மரிலேயே மாட்டியிருப்பார்கள். 50 வாட்டுக்குச் செய்தது, 7 வாட் சுமை அதற்குப் போதாது, அதனால்தான் விட்டு விட்டு வேலை செய்கிறது. அதை எடுத்துவிட்டு எல்இடிக்கு ஏற்ற மின்சாரம் கொடுக்கும் 12 வோல்ட் பெட்டி, ட்ரைவர் என்பார்கள், அதைப் போடச் சொல்லுங்கள். மீதிப் பன்னிரண்டையும் வாங்கும்போது ட்ரைவரோடு சேர்த்து விலை கேளுங்கள்.