ஆன்சிபிள்: ஃபால்ஸ் கொடுத்தும் மைக்ரேஷன் டாஸ்க் ஓடுகிறது

கேள்வி:
ஜாங்கோ (பைதான் வெப் ஃபிரேம்வொர்க்) ஆப் ஒன்றை மூன்று சர்வர்களில் டிப்ளாய் செய்யும் ஆன்சிபிள் பிளேபுக் (சர்வர்களில் செய்ய வேண்டிய வேலைகளை, அதாவது டாஸ்க்குகளை, வரிசையாக எழுதிய ஃபைல்) இது. எல்லா ரிலீசுக்கும் டேட்டாபேஸ் மைக்ரேஷன் (டேபிள்களின் அமைப்பை மாற்றும் வேலை) தேவைப்படாது. அதனால் அந்த டாஸ்கில், நிபந்தனை உண்மையானால் மட்டும் ஓடும்படி,

வென்: ரன்_மைக்ரேட்

என்று வைத்திருக்கிறேன். கமாண்ட் லைனில் -இ (மாறிக்கு மதிப்பு கொடுக்கும் ஆப்ஷன்) மூலம் ரன்_மைக்ரேட்=ஃபால்ஸ் கொடுத்தாலும் மைக்ரேஷன் ஓடிவிடுகிறது. குரூப்_வார்ஸ் ஃபைலில் (சர்வர் குழுவுக்கான மாறிகள் இருக்கும் யாமல் ஃபைல்) ஃபால்ஸ் எழுதினால் மட்டும் ஒழுங்காக ஸ்கிப் ஆகிறது. ஏன்?

பதில் 1:
-இ யில் பெயர்=மதிப்பு என்று கொடுப்பதெல்லாம் ஸ்ட்ரிங்காகத்தான் (வெறும் எழுத்துத் தொடராகத்தான்) உள்ளே போகும். காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும், ஆன்சிபிளின் நிபந்தனைகளைக் கணக்கிடும் ஜிஞ்சாவுக்கு ட்ரூ. யாமல் ஃபைலில் மேற்கோள்குறி இல்லாமல் எழுதும் ஃபால்ஸ் பூலியனாகவே (ட்ரூ/ஃபால்ஸ் வகை மதிப்பாகவே) படிக்கப்படுவதால் அங்கே பிரச்சினை தெரியாது. இப்படி மாற்றுங்கள்:

வென்: ரன்_மைக்ரேட் | டிஃபால்ட்(ஃபால்ஸ்) | பூல்

-இ க்கு ஜேசானாக (டேட்டா எழுதும் ஒரு வடிவம்) கொடுத்தாலும் பூலியன் வரும். ஆனாலும் ஸ்ட்ரிங்கைப் பூலியனாக மாற்றும் பூல் ஃபில்டரை எடுக்காதீர்கள். டிப்ளாய் செய்யும் எல்லோரும் ஜேசான் எழுத மாட்டார்கள். வார்ஸ்_ப்ராம்ப்ட் (ஓடும்போது மதிப்பைக் கேட்டு வாங்குவது), ஐஎன்ஐ இன்வென்டரியின் (சர்வர் பட்டியல் ஃபைல்) வார்ஸ் பகுதி ஆகியவற்றிலும் இதே கதைதான். சந்தேகமிருந்தால் டீபக் டாஸ்கில் ரன்_மைக்ரேட் | டைப்_டீபக் போட்டுப் பாருங்கள், மதிப்பின் வகை தெரியும்.

ஆன்சிபிள்-கோர் 2.19 முதல், வென் கொடுக்கும் விடை பூலியனாக இல்லாவிட்டால் எரர் அடித்து நின்றுவிடும். தப்பான மைக்ரேஷன் ஓடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, இப்போது ஸ்கிப் ஆகிறது. ஆனால் அடுத்த டாஸ்க் விழுகிறது. மைக்ரேஷன் முடிவை மிக் என்ற மாறியில் ரிஜிஸ்டர் (சேமிப்பு) செய்து, அதிலுள்ள மிக்.எஸ்டிடிஅவுட் (கமாண்ட் அச்சிட்ட அவுட்புட்) பார்த்து வொர்க்கர் சர்வீசை ரீஸ்டார்ட் செய்கிறேன். எஸ்டிடிஅவுட் என்ற அட்ரிபியூட்டே இல்லை என்கிறது.

பதில் 2:
டாஸ்க் ஸ்கிப் ஆனாலும் ரிஜிஸ்டர் மாறி உருவாகிவிடும். ஆனால் அதில் ஸ்கிப்டு: ட்ரூ போன்ற சில விவரங்கள்தான் இருக்கும், கமாண்டே ஓடாததால் எஸ்டிடிஅவுட், ஆர்சி (கமாண்ட் முடிந்த நிலையைச் சொல்லும் எண்) எதற்கும் இடமில்லை. வென்னைப் பட்டியலாக எழுதி, 'மிக் இஸ் நாட் ஸ்கிப்டு' என்பதை முதல் வரியாகவும் எஸ்டிடிஅவுட் சோதனையை இரண்டாவதாகவும் வையுங்கள். மேலிருந்து கீழாகச் சோதிக்கும், முதல் வரி பொய்யானால் அடுத்ததைத் தொடாது. கமாண்ட் மாட்யூலாக இருந்தால் --செக் மோடிலும் (எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்ப்பது) பொதுவாக ஸ்கிப் ஆகும். ஆகவே இந்தக் காவல் வரி எப்படியும் தேவை.

இன்னொன்று: ரன்_மைக்ரேட்டை நடுவில் செட்_ஃபேக்ட் (பிளேபுக்குக்குள் மாறிக்கு மதிப்பு வைக்கும் மாட்யூல்) கொண்டு மாற்ற நினைக்காதீர்கள். -இ யில் வந்த மதிப்புக்குத்தான் எல்லாவற்றையும்விட முன்னுரிமை. எரரும் வராது, மதிப்பும் மாறாது.

பதில் 3:
மூன்று சர்வருக்கும் டேட்டாபேஸ் ஒன்றுதானே? அப்படியானால் மைக்ரேஷன் டாஸ்கில் ரன்_ஒன்ஸ்: ட்ரூ (ஒரே ஒரு சர்வரில் மட்டும் ஓட்டு என்பது) வேண்டும். அப்போது வென் முதல் ஹோஸ்டின் (சர்வரின்) மாறிகளை மட்டுமே பார்க்கும், அதனால் ரன்_மைக்ரேட்டை ஹோஸ்ட்_வார்ஸில் (ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனி மாறிகள் இருக்கும் இடம்) வைக்காதீர்கள். சீரியல்: 1 போட்டு ஒவ்வொரு சர்வராக ஏற்றினால் ரன்_ஒன்ஸ் பேட்ச்சுக்கு (ஒரே நேரத்தில் ஏற்றும் சர்வர் தொகுதிக்கு) ஒருமுறை, அதாவது மூன்று முறை ஓடும். அங்கே ரன்_ஒன்ஸை எடுத்துவிட்டு, பட்டியலின் முதல் சர்வரில் மட்டும் ஓடும்படி, வென் பட்டியலில் இந்த வரியைச் சேருங்கள்:

இன்வென்டரி_ஹோஸ்ட்நேம் == ஆன்சிபிள்_பிளே_ஹோஸ்ட்ஸ்_ஆல்[0]