புதுப்பிப்பு: தாத்தாவின் போர்க்கைதிப் பதிவு திருத்தப்பட்டது

மனைவியின் தாத்தா கொரியப் போரில் அமெரிக்கத் தரைப்படையில் இருந்தவர். எதிரியிடம் சிறைப்பட்டது பற்றி அவருடைய டிடி-214 படிவத்தில் (படையிலிருந்து விலகும்போது தரும் பணிச் சான்று) ஒரு வரிகூட இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்தது.

படையினரின் பணிக் கோப்புகளை வைத்திருக்கும் செயின்ட் லூயிஸ் காப்பகத்தில் அவருடைய முழுக் கோப்பு இல்லை. 1973 தீ விபத்தில், 1912 முதல் 1960 வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அழிந்துவிட்டது. வந்தவை ஓரம் கருகிய சில தாள்களின் நகல்கள்தான். விலகி 62 வருடம் ஆன கோப்புகளை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எங்கள் வீட்டில் அவர் மகளான என் மாமியார் கேட்டார்.

கை கொடுத்தது, அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தரவுத்தளத்தைப் பார்க்கச் சொன்ன யோசனை. கொரியப் போர்க்கைதிகள் பட்டியலில் அவர் பெயர், படை எண் எல்லாம் அப்படியே இருந்தன. அப்புறம் அவருடைய கம்பெனியின் (படைப்பிரிவின்) காலை அறிக்கையில், அதாவது அன்றாட ஆள் கணக்கில், 'காணவில்லை' என்ற பதிவும் கிடைத்தது. இரண்டையும் இணைத்து பதிவைத் திருத்தக் கோரும் டிடி-149 படிவத்தை, தரைப்படைப் பதிவுகளைத் திருத்தும் வாரியத்துக்கு அனுப்பினோம். பிழை தெரிந்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கெடுவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நியாயத்தின் பொருட்டு வாரியம் அதைத் தளர்த்தலாம். கட்டணமும் கிடையாது.

எதிர்பாராதது: இப்படிப்பட்ட திருத்தத்துக்குப் பழைய 214-ஐ மாற்றித் தரமாட்டார்கள். டிடி-215 என்ற தனித் திருத்தத் தாள்தான் வரும், இரண்டையும் சேர்த்தே வைத்திருங்கள். அதில் போர்க்கைதிப் பதக்கத்தோடு, நாங்கள் கேட்காத கொரியக் குடியரசின் போர்ச் சேவைப் பதக்கமும் இருந்தது. அமெரிக்கா 1999-இல்தான் அதை ஏற்க அனுமதித்ததாம்.