யாழினி காதுகுத்து (குடும்பக் குழு, வியாழன் இரவு)

லதா: எல்லோருக்கும் மறுபடி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை யாழினிக்குக் காதுகுத்து, நியூஜெர்சி செர்ரி ஹில் வீட்டில். நேரம் 3:30லிருந்து 4:15. 4:30க்கு ராகுகாலம். காது குத்துகிறவரும் 4:30க்கு இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டுமாம். 3 மணிக்கே வந்துவிடுங்கள்.

மீனா அத்தை: சரிம்மா.

பிரபு: சாப்பாடு 40 பேருக்குச் சொல்லியாச்சு.

கார்த்தி: அக்கா, ஒரு விஷயம்.

லதா: சொல்லு.

கார்த்தி: ஞாயிறு 1 மணிக்கு ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்கக் கால்பந்து, நம் ஈகிள்ஸுக்கும் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கும். டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். நீ தேதி குறிப்பதற்கு முன்னால் வாங்கியது.

அம்மா: கார்த்தி!

மீனா அத்தை: 1 மணிக்கு ஆரம்பித்தால் 2 மணிக்கு முடியாதா? 60 நிமிட ஆட்டம் என்றுதானே சொல்வீர்கள்.

செல்வம் சித்தப்பா: மீனாக்கா, மைதானத்துக் கடிகாரத்தில்தான் 60 நிமிடம். 15 நிமிடமாக நான்கு பகுதி. நம் கைக்கடிகாரத்தில் மூன்று மணி நேரம் ஆகிவிடும். எறிந்த பந்து பிடிபடாமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும். கடைசி 5 நிமிடத்தில் பந்தோடு கோட்டுக்கு வெளியே போனாலும் நிற்கும். அணியே கடிகாரத்தை நிறுத்தச் சொல்வது டைம் அவுட், ஒரு பாதிக்கு ஒவ்வொரு அணிக்கும் 3. 2 நிமிடம் பாக்கி இருக்கும்போது யாரும் கேட்காமலே ஒரு நிறுத்தம். பின்தங்கிய அணி கடிகாரத்தை நிறுத்தப் பார்க்கும், முன்னால் இருக்கிற அணி அதை ஓடவிடப் பார்க்கும். உண்மையான ஆட்டமே அங்கேதான் இருக்கிறது. கடைசி 2 நிமிடம் என்பது நமக்கு 15, 20 நிமிடம். ஞாயிறு கணக்குப்படி 3:45லிருந்து 4:05 வரை.

பிரபு: அதாவது காதுகுத்து நேரம்.

அம்மா: ஆச்சி பக்கத்தில் இருக்கிறார்கள். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் காது குத்துவது என்று கேட்கிறார்கள்.

மீனா அத்தை: அகிலனுக்கு உங்கள் மாமா மடியில் வைத்துத்தானே குத்தினோம் மதினி.

அம்மா: அன்றைக்கு கார்த்தியின் விமானம் தாமதம் மீனா. வேண்டுமென்று வராமல் இல்லை.

மீனா அத்தை: நான் குறையாகச் சொல்லவில்லை.

கார்த்தி: இந்த முறை என் மடிதான். அதில் பேச்சே இல்லை. எப்போது கிளம்புவது என்பதுதான் கேள்வி.

செல்வம் சித்தப்பா: 2 நிமிட நிறுத்தத்தில் கிளம்பு.

கார்த்தி: அப்போது கிளம்பினால் எதற்குப் போனேன் சித்தப்பா? 1978ல் அந்த நேரத்தில் கிளம்பினவர்கள் எதைத் தவறவிட்டார்கள் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்?

மணி மாமா: ஆரம்பித்துவிட்டீர்களா?

செல்வம் சித்தப்பா: அத்தான், யாழினி அப்பாவுக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். 1978 நவம்பர் 19, ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் ஜயன்ட்ஸ் மைதானம். ஜயன்ட்ஸ் 17, ஈகிள்ஸ் 12. பந்து ஜயன்ட்ஸிடம், பாக்கி அரை நிமிடம், ஈகிள்ஸிடம் ஒரு டைம் அவுட்கூட இல்லை. ஜயன்ட்ஸின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவர், ஜோ பிசார்சிக். அவர் பந்தோடு முட்டி போட்டு உட்கார்ந்திருந்தால் கடிகாரம் ஓடியே ஆட்டம் முடிந்திருக்கும். ஆனால் வந்த உத்தரவு, பந்தைத் தன் அணியின் லாரி சோங்காவிடம் கொடு என்று. கொடுக்கும்போது அது சோங்காவின் இடுப்பில் பட்டுக் கீழே விழுந்தது. பிசார்சிக் பாய்ந்து பிடிக்கப் பார்த்தார், சிக்கவில்லை. பந்து ஒரே ஒரு துள்ளு துள்ளி, ஓடி வந்துகொண்டிருந்த நம் ஈகிள்ஸின் ஹெர்ம் எட்வர்ட்ஸ் கையில் போய் உட்கார்ந்தது. அவர் ஓட்டத்தை நிறுத்தக்கூட இல்லை. 26 யார்டு ஓடிப் பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினார், டச் டவுன், நமக்கு 19-17. மைதானம் இருந்த இடத்தின் பெயரில் 'மெடோலேண்ட்ஸ் அதிசயம்'!

மணி மாமா: உங்களுக்கு அதிசயம். எங்கள் ஜயன்ட்ஸ் ஆட்களுக்கு அது 'தி ஃபம்பிள்', பந்தைக் கைநழுவவிட்டது. எடிசனில் என் அலுவலகத்தில் வயதானவர்கள் இன்றைக்கும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள், அதுவும் மெதுவாக.

பிரபு: சுத்த அதிர்ஷ்டம்தானே மாமா?

மணி மாமா: இல்லை மாப்பிள்ளை. பந்து எந்தப் பக்கம் துள்ளியது என்பது அதிர்ஷ்டம். துள்ளுவதற்கு இடம் கொடுத்தது நாங்கள். அந்த உத்தரவைக் கொடுத்த பாப் கிப்சனை மறுநாளே வேலையை விட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் முட்டி போடுவதற்கென்றே ஓர் அமைப்பு எல்லா அணியிலும் வந்தது. பக்கத்துக்கு ஒருவர், தப்பிப்போனால் துரத்தப் பின்னால் ஒருவர்.

செல்வம் சித்தப்பா: அத்தான் சொல்வது முழுக்கச் சரி. அதிர்ஷ்டத்துக்கும் நொடி வேண்டும். கடிகாரத்தில் நொடி இல்லையென்றால் அது எந்த வழியாக வரும்?

மீனா அத்தை: அதிர்ஷ்டம் என்றால் 2019 ஜனவரி. தம்பி எங்கள் வீட்டில் ஆச்சியின் முறுக்கு டப்பாவைத் தட்டிவிட்டுக் குதித்தது.

செல்வம் சித்தப்பா: சிகாகோ ஆட்டம்! அதிலும் டைம் அவுட்தான் முக்கியம் அக்கா. நம் ஈகிள்ஸ் 16-15 என்று முன்னால். கடைசி 10 நொடி, சிகாகோவின் கோடி பார்க்கிக்கு 43 யார்டு உதை. உதைக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால் நம் பயிற்சியாளர் பீடர்சன் டைம் அவுட் கேட்டார். அந்தப் பந்து கம்பங்களுக்கு நடுவே நேராகப் போனது, ஆனால் செல்லாது. மறுபடி உதைத்தபோது நம் ஹெஸ்டரின் விரல் உரசியது. இடது கம்பத்தில் பட்டு, குறுக்குக் கம்பத்தில் பட்டு, முன்பக்கமே விழுந்துவிட்டது. டைம் அவுட்டை மிச்சம் வைக்காமல் இருந்திருந்தால் முதல் உதையிலேயே தோற்றிருப்போம்.

மணி மாமா: 2008 இறுதிப் போட்டியில் எங்கள் டேவிட் டைரீ ஹெல்மெட்டோடு பந்தை அழுத்திப் பிடித்ததையும் எழுது. 17-14 என்று ஜெயித்தோம். தோற்றது அதுவரை 18 ஆட்டம் தோற்காத பேட்ரியட்ஸ்.

அம்மா: செல்வம் தம்பி, ஆச்சி காதுகுத்து பற்றிக் கேட்கிறார்கள்.

லதா: நானும்தான்.

கார்த்தி: அக்கா, 2024 செப்டம்பரில் அட்லாண்டா ஆட்டத்துக்குப் போயிருந்தேன். நாம் 18-15. அட்லாண்டாவிடம் டைம் அவுட் இல்லை. நம் பார்க்லி கைக்கு வந்த பந்தைப் பிடித்திருந்தால் அத்தோடு முடிந்தது. என் வரிசையில் நான்கு பேர் எழுந்து படி இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நிமிடம் 46 நொடி பாக்கி இருந்த அந்த ஆட்டத்தில் பந்து நழுவியது, கடிகாரம் நின்றது. நாம் 3 புள்ளி எடுத்தும் பயனில்லை, 34 நொடி இருக்கும்போது அவர்கள் டச் டவுன், 22-21. கிளம்பின நான்கு பேர் கீழே வாசலில் நின்று டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் என்னால் பாதியில் எழுந்திருக்க முடியவில்லை.

லதா: நான் உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அகிலன் காதுகுத்து போட்டோவில் நீ இல்லை.

அம்மா: ஆச்சி சொல்கிறார்கள், இடைவேளையிலேயே கிளம்பிவிடு.

கார்த்தி: மூன்றாவது பகுதி முடிந்ததும் கிளம்புகிறேன். 3:10 இருக்கும். வால்ட் விட்மன் பாலம், 25 நிமிடம்.

செல்வம் சித்தப்பா: கார் நிறுத்தும் இடத்துக்கு நடக்கவே 10 நிமிடம். பாலத்தில் ஒரு வண்டி நின்றுவிட்டால்? உன்னிடம் டைம் அவுட் இல்லை. இடைவேளை என்றால் 2:25.

கார்த்தி: சரி சித்தப்பா. ஆட்டம் எப்படிப் போகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

லதா: பார்த்துச் சொல்வதா?

மீனா அத்தை: பாலத்தில் சுங்கம் உண்டா?

மணி மாமா: நியூஜெர்சி பக்கம் வரும்போது கிடையாது. லதா, வீட்டில் டிவி ஓடுமா?

லதா: மாமா!

பிரபு: சத்தம் இல்லாமல், மாடியில் மட்டும்.

லதா: அதை அப்புறம் பேசலாம்.

அம்மா: சந்தனக் கிண்ணம் யார் வீட்டில் இருக்கிறது? போன தீபாவளிக்கு மீனா எடுத்துப் போனது.

மீனா அத்தை: என்னிடம் இல்லையே மதினி. கார்த்தி வீட்டில் பாருங்கள்.