உப்புக்காற்றில் கேமரா: பதிவை எங்கே சேமிப்பது?

கேள்வி (பாம்பன்):
கடலோரத்தில் உள்ள எங்கள் வீட்டிற்கு 2 கேமராக்கள் பொருத்த எண்ணியுள்ளேன். திருடன் கருவியையே கழற்றிச் சென்றாலும் பதிவு தப்ப வேண்டும் என்பதால் கிளவுடில் (இணையவழிச் சேமிப்பகத்தில்) சேமிக்க விரும்புகிறேன். ஆனால் இருப்பது சிம் இணைப்பு மட்டுமே. இது சரிப்படுமா?

பதில் (கீழக்கரை):
நாள் முழுவதும் மேலேற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள், ஐயா. நொடிக்கு 2 மெகாபிட் வீதம் அனுப்பும் ஒரு கேமராவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 21 ஜிபி டேட்டாவைத் தின்றுவிடும் என்பதால், முழுப் பதிவை மெமரி கார்டிலும், அசைவு தென்படும் துணுக்குகளை மட்டும் கிளவுடிலும் வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். தென்னோலை ஆடினாலும் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். ஆகவே அசைவுப் பகுதியாக வாசற்படியை மட்டும் குறியுங்கள்.

பதில் (தொண்டி):
கடலோரம் என்பதால் உப்புக்காற்றையும் கவனியுங்கள். கேமராக்களில் குறிக்கப்படும் ஐபி67 என்பது தூசிக்கும் நீருக்குமான தரக்குறியீடே தவிர, உப்பரிப்புக்கு உத்தரவாதமன்று. எங்கள் தெருவில் முதலில் துருப்பிடித்தவை கேமராக்கள் அல்ல, அவற்றைத் தாங்கும் திருகுகளே. 316 ரக எவர்சில்வர் திருகுகளைக் கேட்டு வாங்குங்கள்.