சோபாவுக்கு அடியில் பேஸ் ஷேக்கர்: கழற்றுவதா, வைத்துக்கொள்வதா?

நடுஇருக்கை

மூன்று பேர் உட்காரும் ரிக்ளைனர் சோபாவின் அடியில், படத்தின் கட்டைச் சத்தத்துக்கு ஏற்ப இருக்கையை அதிர வைக்கும் பேஸ் ஷேக்கர் இரண்டை மாட்டி ஆறு வாரம் ஆகிறது. ஒவ்வொன்றும் 50 வாட், 4 ஓம். ரிசீவரின் சப் அவுட்டில் (கட்டைச் சத்தம் மட்டும் வெளியே வரும் சாக்கெட்) ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் போட்டு, ஒரு முனையைச் சப்வூஃபருக்கும் (கட்டைச் சத்தத்துக்கான ஸ்பீக்கர், சுருக்கமாகச் சப்) இன்னொன்றை ஷேக்கருக்கான தனி ஆம்ப்ளிஃபையருக்கும் (ஆம்ப்) கொடுத்திருக்கிறேன். சோபாவின் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று. முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் நடுவே 12 மி.மீ. பிளைவுட் துண்டைப் பாலம் மாதிரி போட்டு, அதன் நடுவில் ஷேக்கரைத் திருகினேன்.

முதல் வாரம் வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் பிடித்து உட்கார வைத்துக் காட்டினேன். இப்போது சலித்துவிட்டது. குண்டு வெடித்தாலும் 'டுர்ர்', லாரி போனாலும் 'டுர்ர்', யாரோ கதவைச் சாத்தினாலும் அதே 'டுர்ர்'. கட்டைக் குரலில் ஒருவர் செய்தி வாசித்தால் சோபா பூனை மாதிரி உறுமுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், நான் உட்காரும் நடு இருக்கையில்தான் அதிர்வே இல்லை, ஓரங்களில்தான் ஆட்டம். மனைவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சோபாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்து படம் பார்க்கிறார்.

கழற்றிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

18அங்குலம்

கழற்றுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

பேஸ் என்பது காற்றில் வருகிற அழுத்தம். அது நெஞ்சில் படும், சட்டையில் படும், உட்கார்ந்திருக்கும் இருக்கையிலும் படும். எல்லாம் ஒரே நேரத்தில் வருவதால்தான் மூளை நம்புகிறது. நீங்கள் செய்திருப்பது, காதுக்கு ஒரு கதை, முதுகுக்கு ஒரு கதை. மசாஜ் நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

1974இல், கட்டைச் சத்தத்தால் தியேட்டரையே அதிர வைக்கும் சென்சரவுண்ட் முறை வந்தபோது பெரிய பெரிய வூஃபர் பெட்டிகளைத்தான் தியேட்டருக்குள் கொண்டுவந்து அடுக்கினார்கள். நாற்காலிக்கு மோட்டார் மாட்டவில்லை. அந்த ஆம்ப்பை விற்று, இரண்டாவது சப் ஒன்று வாங்குங்கள். மூன்று இருக்கையிலும் பேஸ் ஓரளவு ஒரே மாதிரி கேட்கும்.

சுருளும்_காந்தமும்

மோட்டார் மாட்டவில்லையா? அதற்கு 15 வருடம் முன்பே, 1959இல், ஹாலிவுட் இயக்குநர் வில்லியம் காசில் தியேட்டர் நாற்காலிகளுக்கு அடியில் மோட்டார் மாட்டிப் படம் ஓட்டினார். 'பெர்செப்டோ' என்று பெயரும் வைத்தார்.

சரி, வரலாறு இருக்கட்டும். ஷேக்கர் என்பது கூம்பு இல்லாத ஸ்பீக்கர். சுருளும் காந்தமும் அப்படியே இருக்கும். காற்றைத் தள்ளும் காகிதத்துக்குப் பதிலாக ஒரு கனமான எடை ஆடும், அதன் எதிர்விசை சோபாச் சட்டத்துக்குப் போகும். கான்கிரீட் தளத்தில் எந்தச் சப் வைத்தாலும் தரை வழியாக இருக்கைக்குப் பெரிதாக ஒன்றும் வராது. 20 ஹெர்ட்ஸில் கிடைக்கும் அதே சத்தம் 10 ஹெர்ட்ஸிலும் வேண்டுமானால் கூம்பு 4 மடங்கு தூரம் போய்வர வேண்டும். அதற்குச் சப்பை அடுக்கிக்கொண்டே போவதா?

18அங்குலம் அவர்களுக்கு ஒரு கேள்வி: உங்கள் வீட்டுத் தரை மரமா, கான்கிரீட்டா?

நடுஇருக்கை, உங்களிடம் இருப்பது ஷேக்கரின் குற்றமில்லை. நடுவில் அதிர்வு இல்லை, ஓரத்தில் இருக்கிறது என்றால் ஒன்று மேலே தள்ளும்போது இன்னொன்று கீழே இழுக்கிறது. சோபா சீசா மாதிரி ஆடுகிறது, நீங்கள் அச்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு ஷேக்கரின் சிவப்பு, கறுப்புக் கம்பிகளை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள். ஒன்றைத் தலைகீழாக மாட்டியிருந்தாலும் இதே கதிதான்.

18அங்குலம்

பெர்செப்டோவை நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. அது பேய்ப் படத்துக்கு ஆளைத் துள்ள வைக்கும் வித்தை. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

அப்புறம், 10 ஹெர்ட்ஸ் பற்றிப் பேசுகிறீர்கள். அவரிடம் இருப்பது உள்ளங்கை அகல 50 வாட் வட்டு. அந்த வகையெல்லாம் 40 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் துள்ளும், 20க்குக் கீழே மூச்சே வராது. கிலோக்கணக்கில் எடையுள்ள பெரிய ஷேக்கரின் பெருமையைச் சொல்லிச் சின்ன ஷேக்கரை விற்காதீர்கள். எல்லாமே 'டுர்ர்' என்று அவர் சொல்வது அந்த 40 ஹெர்ட்ஸைத்தான். எதைக் கொடுத்தாலும் தன் சுருதியிலேயே பாடும் பாடகர் அது.

சுருளும்_காந்தமும்

இதை ஒத்துக்கொள்கிறேன். சின்ன வட்டில் பூகம்பம் வராது. ஆனால் தன் சுருதியிலேயே பாடுகிறவரை அந்தச் சுருதியில் மட்டும் கொஞ்சம் அடக்கி வைக்கலாம். வேண்டிய ஹெர்ட்ஸை மட்டும் ஏற்றி இறக்கும் ஈக்யூ எதற்கு இருக்கிறது?

ஒய்கேபிள்_விரோதி

இரண்டு பேரும் ஷேக்கரைப் பற்றியே பேசுகிறீர்கள். அதற்குள் என்ன போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

சப் அவுட்டில் ஒய் கேபிள் போட்டால் சப்புக்கு என்று ரிசீவர் சமைத்ததெல்லாம் ஷேக்கருக்கும் போகும். அறையில் 35 ஹெர்ட்ஸ் வீங்குகிறது என்று, மைக் வைத்து அளந்து அறைக்கு ஏற்பச் சத்தத்தைத் திருத்தும் ரூம் கரெக்‌ஷன் அதைக் குறைத்திருந்தால், சோபாவிலும் 35 குறையும். சோபாவுக்கும் அறையின் மூலைக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்தது நேரம். சப்பின் தூரத்துக்கு ஏற்ப ரிசீவர் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறது. சப்பிலிருந்து சத்தம் காற்றில் நடந்து வர வேண்டும், ஷேக்கர் உடனே அடித்துவிடும். காற்றில் ஒரு மீட்டருக்கு சுமார் 2.9 மில்லி செகண்ட். இதற்கு டேப் பிடித்து அளக்காதீர்கள். அளவீட்டின்போது சப்புக்கு ரிசீவர் எத்தனை மீட்டர் என்று காட்டியதோ அதை எடுங்கள். சப்புக்குள் இருக்கும் ஃபில்டரின் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது காட்டும், அதனால் உண்மைத் தூரத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

அந்தச் செய்தி வாசிப்பவர் விஷயம்: ஆண் குரலின் அடிச்சுருதி ஏறக்குறைய 85இலிருந்து 155 ஹெர்ட்ஸ். கிராஸ்ஓவர் (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது சப்புக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80இல் இருந்தால் அது சுவர் வைத்த மாதிரி நிற்காது, சரிவாகத்தான் இறங்கும். குரலின் வால் சப் அவுட்டில் வழியும். சப்பில் அது தெரியாது, சோபாவில் தெரியும். ஷேக்கருக்கு மட்டும் தனியாக 50 ஹெர்ட்ஸில் லோ பாஸ் (அதற்கு மேலே உள்ளதைக் குறைக்கும் ஃபில்டர்) போடுங்கள், ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் சரிவு.

18அங்குலம்

நாலைந்து மீட்டருக்கு வரும் 12, 13 மில்லி செகண்டை முதுகு கண்டுபிடிக்குமா? கேபிள் விற்பவர்கள் மாதிரிப் பேசாதீர்கள்.

ஒய்கேபிள்_விரோதி

40 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 25 மில்லி செகண்ட். 12.5 என்றால் சரியாகப் பாதிச் சுற்று. காற்று தள்ளும்போது சோபா இழுக்கும். காதுக்கு ஒரு கதை, முதுகுக்கு ஒரு கதை என்று மேலே எழுதியது யார் சார்? நீங்கள்தானே? அதற்குக் காரணம் இதுதான் என்கிறேன்.

மாடிக்குக்_கீழே

நான் இந்த விவாதத்தில் வேறு கட்சி. எங்கள் வீட்டுக்கு மேல் வீட்டில் பெரிய சப் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு எங்கள் கண்ணாடி அலமாரி பேச ஆரம்பிக்கும். அவர் சப்பைக் குறைத்துவிட்டு ஷேக்கர் வைத்துக்கொண்டால் நான் கோவிலுக்கு வேண்டிக்கொள்வேன்.

18அங்குலம்

வேண்டிக்கொள்வதற்கு முன் ஒரு நிமிஷம். ஷேக்கர் மாட்டிய சோபாவின் கால் நேராகத் தளத்தில் நின்றால் அந்த அதிர்வு தளம் வழியாக உங்கள் கூரைக்குத்தான் வரும். நான்கு காலுக்கும் ரப்பர் ஐசொலேட்டர் வைத்தால்தான் நீங்கள் பிழைப்பீர்கள்.

(ஷேக்கருக்கு நான் உதவி செய்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.)

சுருளும்_காந்தமும்

ரப்பர் வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. தளத்துக்குள் போய் வீணாகும் ஆட்டம் இருக்கைக்கே திரும்பும், ஆம்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

நடுஇருக்கை, அந்த 12 மி.மீ. பாலத்தை முதலில் எடுங்கள். நடுவில் தாங்கல் இல்லாத மெல்லிய பலகை மேளத்தோல் மாதிரி. அது தானே ஒரு சுருதியில் ஆடும், திருகும் தளர்ந்துகொண்டே வரும். கனமான பலகையாகப் போட்டு, சட்டம் சேரும் மூலைக்குப் பக்கமாக ஷேக்கரைத் தள்ளி, மரத்திருகுக்குப் பதிலாக போல்ட்டும் அகல வாஷரும் நைலான் வளையம் உள்ள நட்டும் போடுங்கள்.

பிறகு 15இலிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஸ்வீப் (சோதனைச் சத்தம்) ஒன்றை ஓட்டி, போனில் அதிர்வு அளக்கும் ஆப்பை வைத்துப் பாருங்கள். போனைச் சட்டத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள், இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்கட்டும். காலிச் சோபா வேறு இடத்தில் துள்ளும், ஆள் உட்கார்ந்த சோபா வேறு இடத்தில் துள்ளும். பல போன்களின் சென்சார் நொடிக்கு 100 தடவைதான் அளக்கும், அதனால் 50 ஹெர்ட்ஸுக்கு மேலே காட்டுவதை நம்பாதீர்கள்.

அளவு வைக்கும் முறை: தெரியும்வரை ஏற்றுங்கள், பிறகு அது இருப்பதே மறக்கும்வரை இறக்குங்கள். படத்தின் நடுவில் அணைத்தால் மட்டும் ஏதோ போய்விட்டது என்று தெரிய வேண்டும்.

18அங்குலம்

தெரியவே கூடாததற்கு எதற்கு எட்டு போல்ட்?

சுருளும்_காந்தமும்

நல்ல சப் அறையில் எங்கே இருக்கிறது என்றே தெரியக்கூடாது என்று போன மாதம் வேறொரு இழையில் எழுதினீர்கள். தெரியக்கூடாததற்கு 18 அங்குலம் எதற்கு என்று அங்கே நாங்கள் யாரும் கேட்கவில்லையே.

நடுஇருக்கை

பத்து நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கம்பி. வலது ஷேக்கரின் கம்பியை இடம் மாற்றியதும் நடு இருக்கை உயிர் பெற்றது. ஆறு வாரமாக நான் மட்டும் ஒன்றுமில்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆட்டம் போதவில்லை என்று ஆம்ப்பை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். அதில் ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் நசுங்கியிருக்கிறார்கள். மனைவியிடம் இதை இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

பிளைவுட்டைக் கழற்றும்போது இரண்டு திருகு கையோடு வந்தன. துளையைச் சுற்றி மாவு மாதிரி மரத்தூள். இப்போது 25 மி.மீ. பலகை, மூலையில், போல்ட்.

ரிசீவரின் பின்னால் சப் சாக்கெட் இரண்டு இருந்தன. இரண்டாவதில் ஷேக்கரைக் கொடுத்துத் தூரத்தைத் தனியாக மாற்றலாம் என்று பார்த்தால், உள்ளே இரண்டும் ஒரே கம்பிதான். அதனால் தாமதமும் ஃபில்டரும் போட உதவும் டி.எஸ்.பி. பெட்டி ஒன்றை ஆம்ப்புக்கு முன்னால் வைத்தேன். ரிசீவர் சப்புக்குக் காட்டிய தூரம் 4.6 மீட்டர் (உண்மையில் 3.4). அதற்கு 13.4 மில்லி செகண்ட் டிலே போட்டேன்.

போன் ஆப்பில் 42 ஹெர்ட்ஸில் ஒரு கோபுரம். அங்கே 8 டெசிபல் குறைத்து, க்யூ (வெட்டு எவ்வளவு குறுகலானது என்ற அளவு) 4 வைத்தேன். 50இல் லோ பாஸ். இப்போது லாரி வேறு, கதவு வேறு. செய்தி வாசிப்பவர் போயே போய்விட்டார்.

ஒரு முட்டாள்தனமும் செய்தேன். கோபுரம் போனதும் ஆசை வந்து, 20 ஹெர்ட்ஸை 10 டெசிபல் ஏற்றினேன். ஒரு வெடிப்புக் காட்சியில் அடியிலிருந்து 'டக் டக் டக்' என்று கல்லில் சுத்தி தட்டுகிற மாதிரி சத்தம். கை வைத்துப் பார்த்தால் ஷேக்கரின் மூடி தொட முடியாத சூடு. உடனே அதை எடுத்துவிட்டேன். 18அங்குலம் சொன்னது சரி, சின்ன வட்டுக்கு அங்கே மூச்சு இல்லை. 20க்குக் கீழே ஹை பாஸ் போட்டு அடைத்துவிட்டேன்.

ஒய் கேபிளை அப்படியே வைத்திருக்கிறேன், ரூம் கரெக்‌ஷன் இன்னும் ஷேக்கருக்கும் போகிறது. அதனால் என்ன கெட்டது என்று எனக்கு உடம்பில் தெரியவில்லை. விரோதி மன்னிக்கவும்.

ஒய்கேபிள்_விரோதி

மன்னிப்பு இல்லை. ஆனால் அடுத்த முறை ரூம் கரெக்‌ஷன் ஓட்டும்போது ஷேக்கர் ஆம்ப்பை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். சோபா கடகடப்பதை மைக் பேஸ் என்று நினைத்துக்கொள்ளும்.

மாடிக்குக்_கீழே

ரப்பர் வைத்தீர்களா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.

நடுஇருக்கை

வைத்துவிட்டேன். கீழ் வீட்டில் கேட்டும் விட்டேன்.

பிளாஸ்டிக் நாற்காலி பால்கனிக்குப் போய்விட்டது. இப்போது நடு இருக்கையில் மனைவி, ஓரத்தில் நான். ஒரே ஒரு தொல்லை பாக்கி. 31 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்போது கால் நீட்டும் பலகைக்குக் கீழே ஒரு ஸ்பிரிங் 'கிணுகிணு' என்கிறது. நட்டையெல்லாம் இறுக்கியாகிவிட்டது.

18அங்குலம்

நட்டு இல்லை. ஸ்பிரிங்கின் கொக்கி, மாட்டியிருக்கும் துளையில் உரசுகிறது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிக் கொக்கியைச் சுற்றிவிட்டு மாட்டுங்கள், சத்தம் நிற்கும். ஷேக்கருக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சப் அடிக்கும்போது என் சோபாவும் அப்படித்தான் கத்தியது. மரத்தரை.