மறு: ‘ஸ்டெம்’ என்பதற்குத் ‘தண்டு’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம். ஒலிக்கலவைக்கு (மிக்ஸிங்) அனுப்பப்படும் ஒலிக்கோப்புகளை ‘ஸ்டெம்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலுக்கு என் மறுமொழி இது.

> ஸ்டெம் = தண்டு. சுருக்கமாகவும் எளிமையாகவும் இருக்கிறதே?

சுருக்கம்தான் ஐயா, ஆனால் பொருள் வழிதவறுகிறது. “உறுமித் தண்டை அனுப்பு” என்று கேட்டால், மேளக் குழுத் தம்பி உறுமியை உரசும் வளைந்த குச்சியைத்தான் நினைப்பான்.

கோலாலம்பூர் செந்தூலில் என்னிடம் ஒலிக்கலவைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏபிள்டன் லைவ் அல்லது எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளில் இசையமைக்கிறார்கள். நான் கலப்பது புரோ டூல்ஸ் என்ற வேறொரு மென்பொருளில். ஒன்றின் பணிக்கோப்பை மற்றொன்று திறக்காது. அவர்கள் கோப்பில் இருப்பதில் பெரும்பகுதி மிடி. எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்ற கட்டளைகளே அதில் உண்டு, ஒலி கிடையாது. ஆகவே அனுப்பும் முன் அனைத்தையும் ஒலியாக்கியே தீர வேண்டும்.

இச்செயலை ‘ஏற்றுமதி’ (எக்ஸ்போர்ட்) என்பது எனக்கு உடன்பாடில்லை. கோப்பு இடம்பெயர்வதை மட்டுமே அது சொல்கிறது. நடப்பதோ வேறு: அதுவரை மெழுகாக இளகியிருந்த இசை உலோகமாக உறைகிறது. கருவியை மாற்ற விரும்பினால் இசையமைப்பாளர் தம் பழைய கோப்புக்கே திரும்ப வேண்டும். எனவே ‘வார்த்தல்’ என்கிறேன். “தடத்தை வார்த்துவிட்டாயா?” என்று கேட்டால், இனி எளிதில் திருத்த முடியாது என்ற எச்சரிக்கையும் கேள்வியிலேயே இருக்கிறது.

அடுத்தது இதைவிட முக்கியம். நம் இளைஞர்கள் இருவேறு பொருள்களையும் ‘ஸ்டெம்’ என்றே அழைக்கிறார்கள். உறுமியின் ஒரு முகம் உரசப்படுகிறது, மறுமுகம் அடிக்கப்படுகிறது. இரண்டுக்கும் தனித்தனி ஒலிவாங்கி வைத்தால் கிடைப்பவை இரண்டு தனித்தடங்கள். அவற்றைப் பம்பையோடு சேர்த்து ஒரே கோப்பாக வார்த்தால் அது தொகைத்தடம். தொகுத்தது தொகை. உரசலை மட்டும் சற்றே உயர்த்த நினைக்கும்போது தொகைத்தடம் மட்டும் கையில் இருந்தால், பம்பையும் கூடவே உயரும். மேளப் பாட்டுக்கு உயிரே அந்த உரசல்தான். அதைப் பம்பைக்கு அடியில் புதையவிட எனக்கு மனம் வராது.

> மிக்ஸிங் என்பதற்கு ‘ஒலிச்சேர்ப்பு’ எனலாமா?

வேண்டாம். திரைப்படங்களின் பெயர்ப்பட்டியலில் பழகிய ‘ஒலிக்கலவை’ இருக்கும்போது புதிது எதற்கு?

தடங்களை அனுப்புபவர்களுக்குக் கொடுக்கும் குறிப்புத்தாளில் இப்படி எழுதிப் பார்த்தேன்:

“எல்லாவற்றையும் தனித்தடங்களாக, பாட்டின் தொடக்கத்திலிருந்து ஒரே நீளத்தில், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வார்க்கவும். எதிர்முழக்க (ரிவெர்ப்) விளைவை நீக்கவும். ஒலியின் உச்சம் −6 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். தாளவேகத்தைக் கோப்பின் பெயரில் குறிக்கவும். தொகைத்தடங்களைத் தனிக் கோப்புறையில் வைக்கவும்.”

‘வார்ப்பு’ என்பதைக் கோப்புக்கும் பெயராக்கலாம் என்று பினாங்கு நண்பர் எழுதியிருந்தார். செயலுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, கோப்பைத் ‘தடம்’ என்றே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். மறுப்பு இருந்தால் விரைவில் எழுதுங்கள். தைப்பூசத்துக்கான பாட்டுப்பதிவை உறுமிக் குழுக்கள் தொடங்குமுன் தாளை அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.